பின்னணியில் தங்கிவிடும் எக்செல்லை மணிக்கொரு தடவை நிறுத்த ஸ்கிரிப்ட் எழுதலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மடுவம் எனப்படும் கொட்டகைகளில் நிறுக்கப்படும் தேயிலைக் கொழுந்தின் கணக்கை எக்செல் தாளில் சேர்ப்பதற்காக மாலைதோறும் ஒரு சிறிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) தானாக ஓடுகிறது. அது முடிந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் என்ற பெயர் மறையாமல் நிற்கிறது. சில நாட்களில் அப்படிப் பல சேர்ந்து கணினி நகரமாட்டாமல் போகிறது. ஆகவே, மணிக்கொரு தடவை எல்லா எக்செல்லையும் நிறுத்திவிடும் ஒரு வரிக் கட்டளை வேண்டும். கூடவே, அதே அலுவலகத்தில் உள்ள லினக்ஸ் கணினியிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்கு இரவில் கோப்புகளை அனுப்பும் வேலையும் அடிக்கடி தொங்கிவிடுகிறது, அதற்குக் ‘கில் மைனஸ் ஒன்பது’ போட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். ஒரு வரிக் கட்டளை இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அவருக்கு உண்மையில் விடை தேவைப்படுவது வேறொரு கேள்விக்கு: ஒரே பெயரில் ஓடும் பல செயல்முறைகளில் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில்) எது கேட்பாரற்று நிற்பது, எது பெரிய கிளாக்கர் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருப்பது என்பதை ஒரு ஸ்கிரிப்ட் எப்படி அறியும்? அது தெரிந்துவிட்டால் நிறுத்துவது அரை வரி வேலை.

மலையகத்தின் சிறிய அலுவலகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் உள்ள கணினிகளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், நான் நேரில் பார்த்துச் சரியென்று அறிந்தவற்றையே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

முதலில் அந்த ஒரு வரி. விண்டோஸில் ‘டாஸ்க்கில்’ என்ற கட்டளைக்கு ‘ஐஎம்’ என்ற தெரிவுடன் எக்செல்.இஎக்ஸ்இ என்ற பெயரைக் கொடுத்து, இறுதியில் ‘எஃப்’ என்ற தெரிவைச் சேர்த்தால், உங்களுக்கு நிறுத்த அனுமதி உள்ள அத்தனை எக்செல்லும் அந்தக் கணமே முடிந்துவிடும். ‘எஃப்’ இல்லாமல் கொடுத்தால் அந்தக் கட்டளை ஜன்னலை மூடுமாறு கேட்பதோடு நின்றுவிடும். எக்செல்லும் வழக்கம்போல ‘சேமிக்கவா’ என்று கேட்கும். பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் எக்செல் அந்த வேண்டுகோளுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை என்பதால்தான் எல்லோரும் ‘எஃப்’ சேர்க்கப் பழகிவிடுகிறார்கள். சேர்த்தபின் கேள்வி கேட்பதற்கு இடமே இல்லை. சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவரின் எக்செல்லும் சேர்ந்தே போகும். எக்செல்லின் தானியங்கி மீட்பு வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பிரதி எடுக்கிறது. கடைசிப் பிரதிக்குப் பின்னர் தட்டியவை திரும்ப வராது.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எக்செல் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதே போல்டரில் அலைக்குறியும் டொலர் குறியும் முன்னால் வரும் பெயருடன் ஒரு மறைவான சிறு கோப்பை உருவாக்கி வைக்கும். ஒழுங்காக மூடும்போது அதை அழித்துவிடும். பலவந்தமாக நிறுத்தினால் அந்தச் சிறு கோப்பு அங்கேயே தங்கிவிடக்கூடும். மறுநாள் காலையில் கோப்பைத் திறப்பவருக்கு, வேறு ஒருவர் அதைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வரும். அந்த வேறு ஒருவர் பெரும்பாலும் அவரேதான். கோப்பை யாரும் உண்மையிலேயே திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்தச் சிறு கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் மணிக்கொரு தடவை இதை உற்பத்தி செய்யும் ஸ்கிரிப்டை அலுவலகத்தில் வைத்திருப்பது வேண்டாத வேலை.

பெயரை நம்புவதில்தான் பிழை தொடங்குகிறது. பெரட்டில் (காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்தில்) ‘லெட்சுமி’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் செக்ரோலில் ஆளுக்கொரு இலக்கம் இருக்கிறது. கணினியிலும் ஒவ்வொரு செயல்முறைக்கும் இலக்கம் உண்டு. நிறுத்தும் ஸ்கிரிப்ட் அந்த இலக்கத்தைக் கொண்டே பேச வேண்டும். இலக்கத்தைக் கண்டுபிடிக்கப் பவர்ஷெல்லில் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்’ என்ற கட்டளைக்கு ‘வின்32_ப்ராசஸ்’ என்ற வகையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு செயல்முறையின் இலக்கம், அது தொடங்கிய நேரம், அமர்வு எண் (எந்த உள்நுழைவின் கீழ் ஓடுகிறது என்பதைக் காட்டும் எண்), அது எந்தக் கட்டளை வரியால் தொடங்கப்பட்டது என்ற விபரம் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். பிறருடைய செயல்முறைகளின் கட்டளை வரியும் தெரிய வேண்டுமானால் பவர்ஷெல்லை நிர்வாகி அனுமதியுடன் திறக்க வேண்டும்.

அந்தக் கட்டளை வரியில்தான் உங்களுக்கு வேண்டிய அடையாளம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுப்பிய எக்செல்லின் வரியில், நிரலின் பெயருக்குப் பின்னால் ‘ஆட்டோமேஷன்’, ‘எம்பெடிங்’ என்ற இரண்டு சொற்கள் தெரிவுகளாக நிற்கும். மனிதர் ஒருவர் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்த எக்செல்லில் அவை இருக்காது. பெரும்பாலும் அந்தக் கோப்பின் பெயரே அங்கு இருக்கும். அமர்வு எண்ணும் உதவும். வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் ‘பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்ற தெரிவைக் கொடுத்திருந்தால், அந்த வேலையும் அது எழுப்பும் எக்செல்லும் பூச்சிய அமர்வில் ஓடும். மேசையில் இருப்பவருடைய எக்செல் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள அமர்வில் இருக்கும். ‘பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும்’ என்று கொடுத்திருந்தால் இரண்டும் ஒரே அமர்வில் கலந்துவிடும். அப்போது அமர்வு எண்ணால் பயனில்லை. அப்படிக் கலந்திருக்கும்போது, ஒருவர் இருமுறை சொடுக்கிய கோப்பு புதிய எக்செல்லில் திறக்காமல், மறைந்து நிற்கும் பழைய எக்செல்லுக்குள்ளேயே போய்த் திறந்துகொள்வதும் சில வேளைகளில் நடக்கிறது. ஆகவே கட்டளை வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அந்தச் செயல்முறைக்கு ஜன்னல் தலைப்பு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பவர்ஷெல் ஸ்கிரிப்டை அதன் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்தினால் எக்செல்லும் போய்விடாதா என்று சிலர் கேட்பதுண்டு. ‘டாஸ்க்கில்’ கட்டளையில் அதற்கென ஒரு தெரிவும் இருக்கிறது. இந்த விடயத்தில் அது வேலை செய்யாது. ஸ்கிரிப்ட் ‘எக்செல் வேண்டும்’ என்று கேட்கும்போது அதை எழுப்பிக் கொடுப்பது விண்டோஸின் ஒரு சேவை. ஆகவே எக்செல்லின் பெற்றோராகப் பதிவாவது உங்கள் ஸ்கிரிப்ட் அன்று, அந்தச் சேவையை நடத்தும் எஸ்விசிஹோஸ்ட். ஸ்கிரிப்ட் செத்தாலும் எக்செல் நிற்பதற்கு இந்த உறவுமுறையும் ஒரு காரணம்.

இனி, அது ஏன் நிற்கிறது என்ற விடயம். நிறுத்தும் ஸ்கிரிப்டை விட இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் பார்த்தவரை காரணங்கள் மூன்றுக்குள் அடங்கும். ஒன்று, ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எக்செல்லை மூடும் ‘குவிட்’ எழுதியிருப்பார்கள், ஆனால் நடுவில் ஏதோ ஒரு மடுவத்தின் கோப்பு இல்லாமல் போய் ஸ்கிரிப்ட் பாதியில் முறிந்திருக்கும்; கடைசி வரிக்கு ஓட்டம் வந்தே சேராது. பவர்ஷெல்லில் ‘ட்ரை’, ‘ஃபைனலி’ என்ற கட்டமைப்புக்குள் வேலையை வைத்து, ‘குவிட்’ வரியை ‘ஃபைனலி’ பகுதியில் எழுதினால் முறிந்தாலும் அது ஓடும். இரண்டாவது, ‘குவிட்’ ஓடியும் ஸ்கிரிப்ட் எக்செல்லின் தாள், அட்டவணை போன்றவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மாறிகளை விடாமல் இருப்பது. மாறிகளை விடுவித்து, நினைவகத்தைத் துப்புரவாக்கும்படி சொன்னால் எக்செல் தானாகவே போய்விடும். மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்: மறைந்து நிற்கும் எக்செல் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும். ‘மாற்றங்களைச் சேமிக்கவா’, ‘இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மேலெழுதவா’ போன்ற பெட்டி யாரும் காண முடியாத திரையில் திறந்து நிற்கும். பொத்தானை அழுத்த அங்கே ஆள் இல்லை. ‘டிஸ்ப்ளேஅலர்ட்ஸ்’ என்ற பண்பைத் தொடக்கத்திலேயே ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டால் அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை எழாது.

ஆள் இல்லாத நேரத்தில், சேவையாகவோ அட்டவணைப்படியோ ஓடும் நிரல்களுக்குள் ஆபிஸ் மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசொஃப்ட் நிறுவனமே நெடுங்காலமாகப் பரிந்துரைப்பதில்லை. காரணம் மேலே சொன்னதுதான். கொழுந்துக் கணக்கைத் திரட்ட எக்செல் நிரல் தேவையே இல்லை. பவர்ஷெல்லால் சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய உரைக் கோப்பை) நேரடியாக வாசித்துக் கூட்டிப் புதிய சிஎஸ்வி கோப்பாக எழுத முடியும். பார்க்க விரும்புபவர் அதை எக்செல்லில் திறந்துகொள்ளலாம். வண்ணமும் கோடும் போட்ட தாள்தான் துரைக்கு வேண்டும் என்றால் மட்டும் எக்செல்லை எழுப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு துப்புரவு ஸ்கிரிப்ட் ஒன்று தேவைப்பட்டால், அது தன் ஸ்கிரிப்ட் எழுப்பியதை மட்டும் தொடும்படி எழுதுவதே சரி. எக்செல்லை எழுப்பிய உடனேயே அதன் ஜன்னல் கைப்பிடியை (ஜன்னலுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்ணை) வைத்து அதன் செயல்முறை இலக்கத்தை அறிந்து, தொடங்கிய நேரத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். பின்னர் நிறுத்தும்போது இலக்கமும் தொடங்கிய நேரமும் இரண்டும் பொருந்தினால் மட்டும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் முடிந்துபோன செயல்முறைகளின் இலக்கங்களைத் தயங்காமல் வேறு செயல்முறைகளுக்குக் கொடுத்துவிடும். முதல் சில நாட்கள் ‘ஸ்டொப்-ப்ராசஸ்’ கட்டளையோடு ‘வட்இஃப்’ என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் நிறுத்தாமல், எதை நிறுத்தியிருப்பேன் என்று மட்டும் அது சொல்லும். அதை ஒரு பதிவுக் கோப்பில் சேர்த்து, காலையில் தேநீரோடு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பட்டியலில் ஒரு நாளாவது பெரிய கிளாக்கரின் எக்செல் வந்திருந்தால் நிபந்தனையைத் திருத்த வேண்டும். மணிக்கொரு தடவை ஓட்ட வேண்டிய தேவையும் இல்லை. மாலை வேலை முடிந்து சற்று நேரம் கழித்து ஒரு தடவை போதும்.

லினக்ஸ் கணினிக்கு வருவோம். ‘கில்’ கட்டளை அனுப்புவது ஒரு சமிக்ஞை. எண் எதுவும் கொடுக்காவிட்டால் 15ஆம் எண் சமிக்ஞை போகும். ‘முடித்துக்கொள்’ என்பது அதன் பொருள். அதைப் பெறும் நிரல் திறந்த கோப்புகளை மூடி, தற்காலிகக் கோப்புகளை அழித்து, பிறகு வெளியேற முடியும். 9ஆம் எண்ணை நிரல் பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. கருவகம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை அப்படியே முடித்துவிடும். எனவே வரிசை இதுதான்: 15 அனுப்புவது, பத்து இருபது விநாடி காத்திருப்பது, இன்னமும் இருந்தால் மட்டும் 9. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி செய்வதும் இதையேதான். நிறுத்தச் சொன்னால் 15 அனுப்பி, வழக்கமான அமைப்பில் 90 விநாடி பொறுத்திருந்து, பிறகே 9 அனுப்புகிறது. கணினியை அணைக்கும்போது திரை ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பொறுமையிழந்து மின்பொத்தானை அமுக்குபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

9 போட்டும் சாகாத செயல்முறைகளும் உண்டு. செயல்முறைகளைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையின் நிலை நெடுவரிசையில் ‘இசட்’ என்று இருந்தால் அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதன் பெற்றோர் செயல்முறை அதன் முடிவை வாங்கிக்கொள்ளாததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. அதை நிறுத்த முயல்வதில் பயனில்லை, பெற்றோரைத்தான் பார்க்க வேண்டும். ‘டி’ (ஆங்கில அகரவரிசையின் நாலாவது எழுத்து) என்று இருந்தால் அது வட்டிலிருந்தோ வலையமைப்புக் கோப்பு முறைமையிலிருந்தோ வரவேண்டிய ஒன்றுக்காகக் கருவகத்துக்குள் காத்திருக்கிறது. அந்தப் பதில் வரும்வரை 9 கூடப் பெரும்பாலும் எடுபடாது. யூஎஸ்பி வட்டு பழுதாகும் காலத்தில் அடிக்கடி இந்த நிலையைக் காணலாம். அப்போது ஸ்கிரிப்டை மாற்றிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு வட்டையும் கேபிளையும் பாருங்கள்.

உங்கள் இரவு வேலை ஆர்சிங்க் (கோப்புகளை இன்னொரு கணினிக்குப் பிரதி செய்யும் நிரல்) கொண்டு கொழும்புக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும் இடத்தில் அது தொங்குவதற்குத் தெளிவான காரணம் உண்டு: ஆர்சிங்க்குக்கு இயல்பாகக் காலக்கெடு எதுவும் கிடையாது, மறுமுனை பேச்சற்றுப் போனாலும் அது காத்துக்கொண்டேயிருக்கும். அதன் ‘டைம்அவுட்’ தெரிவுக்கு 120 போன்ற ஒரு விநாடிக் கணக்கைக் கொடுத்துவிட்டால், அவ்வளவு நேரம் தரவு எதுவும் நகராதபோது தானே வெளியேறிவிடும். அதற்கு மேல், முழு வேலைக்கும் சேர்த்து எல்லை வைக்க விரும்பினால், ‘டைம்அவுட்’ என்ற பெயரில் தனிக் கட்டளையே இருக்கிறது. அதற்கு அடுத்து நேரத்தையும், நேரத்துக்குப் பின்னால் ஓட்ட வேண்டிய கட்டளையையும் எழுதினால், நேரம் கடந்ததும் 15 அனுப்பும், ‘கே’ தெரிவைச் சேர்த்தால் இன்னும் சற்றுப் பொறுத்து 9 அனுப்பும். நேரம் கடந்து 15ஆல் முடிந்திருந்தால் வெளியேறும் குறியீடு 124 ஆக இருக்கும். ஸ்கிரிப்ட் அதை வாசித்து ‘நேற்றிரவு போய்ச்சேரவில்லை’ என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.

லினக்ஸில் வேலைகளைக் குறித்த நேரத்தில் தொடங்கும் கிரோன், முந்தைய வேலை முடிந்ததா என்று பார்ப்பதில்லை. நேரம் வந்ததும் அடுத்ததைத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று ஆர்சிங்க் ஒன்றாக ஓடி, இருக்கும் மெலிந்த இணைப்பையும் தங்களுக்குள் பிய்த்துக்கொள்வது அதனால்தான். பலர் இதற்கு ஒரு கோப்பில் செயல்முறை இலக்கத்தை எழுதி வைக்கும் முறையைக் கையாளுகிறார்கள். இடி முழக்கத்தோடு மின்சாரம் போகும் ஊரில் அந்த முறை காலை வாரிவிடும். கணினி திடீரென அணைந்தால் கோப்பு அப்படியே இருக்கும். மீண்டும் எழும்பிய பிறகு அந்த இலக்கம் சம்பந்தமில்லாத வேறொரு செயல்முறைக்கு உரியதாயிருக்கலாம். ஸ்கிரிப்ட் அதைத் தன் பழைய வேலை என்று நினைத்து, ஒன்றும் செய்யாமல் விலகும், அல்லது அதை நிறுத்தியே விடும். ஒரு வேலை ஓடும்வரை ஒரு கோப்பைப் பூட்டி வைத்து அதே வேலை இரண்டாம் தடவை தொடங்காமல் தடுக்கும் ‘எஃப்லொக்’ கட்டளை இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. பூட்டு கருவகத்திடம் இருப்பதால், வேலை எப்படி முடிந்தாலும், மின்சாரமே போனாலும், பூட்டும் போய்விடும். ஒரே ஒரு கவனம்: அந்த வேலை பின்னணியில் விட்டுச்சென்ற பிள்ளைச் செயல்முறை ஏதாவது உயிரோடிருந்தால் பூட்டும் அதனிடம் தங்கிவிடலாம்.

பெயரைக் கொண்டு செயல்முறைகளை நிறுத்தும் ‘பிகில்’ கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே நிறுத்திவிடும். ‘எஃப்’ தெரிவோடு கொடுத்தால் முழுக் கட்டளை வரியிலும் தேடும். அந்தச் சொல் உங்கள் ஸ்கிரிப்டின் பெயரிலேயே இருந்தால் ஸ்கிரிப்ட் தன்னையே நிறுத்திக்கொள்ளும். முதலில் அதே நிபந்தனையோடு, எதையும் நிறுத்தாமல் இலக்கங்களை மட்டும் காட்டும் ‘பிகிரெப்’ ஓட்டி எவை சிக்குகின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு ‘பிகில்’ போடுங்கள். ‘கில்’ கட்டளைக்கு இலக்கத்தை ஒரு மாறியிலிருந்து கொடுக்கும்போதும், அந்த மாறி ஒன்றை விடப் பெரிய எண்தானா என்று சோதியுங்கள். பூச்சியம் போனால் ஸ்கிரிப்டின் சொந்தக் குழு முழுவதற்கும் சமிக்ஞை போகும். இலக்கத்தின் இடத்தில் மைனஸ் ஒன்று போனால், அனுமதி உள்ள எல்லாவற்றுக்கும் போகும். நிர்வாகிக் கணக்கில் ஓடினால் அதன் விளைவை நான் விபரிக்கத் தேவையில்லை.

மேலே சொன்னவற்றில் கட்டளைகளின் நடத்தை பற்றியவை உறுதியானவை. உங்கள் எக்செல் அந்த மூன்று காரணங்களில் எதனால் நிற்கிறது என்பது மட்டும் கணினியைப் பார்க்காமல் சொல்லக் கூடியதன்று. மாலை வேலை சில நாட்களில் ஒழுங்காக முடிகிறது, சில நாட்களில் இல்லை என்றால் பாதியில் முறிவதை முதலில் சந்தேகிப்பேன், தவறாமல் ஒவ்வொரு நாளும் ஒன்று தங்குகிறது என்றால் விடுவிக்கப்படாத மாறிகளை. அதை அறிய, நாளை மாலை வேலை ஓடி முடிந்ததும் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்’ காட்டும் எக்செல் வரிகளையும், ஸ்கிரிப்டின் கடைசி இருபது வரிகளையும், டாஸ்க் ஷெடியூலரில் அந்த வேலையின் ‘கடைசி ஓட்டத்தின் முடிவு’ என்ற நெடுவரிசையில் உள்ள எண்ணையும் இங்கே இடுங்கள். கட்டளை வரிகளில் தொழிலாளர் பெயரோ சம்பளக் கோப்பின் பெயரோ இருந்தால் இடுவதற்கு முன் அவற்றை மறைத்துவிடுங்கள்.